அஞ்சலையின் முகம் வரையப் போன வாரம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், டிக்கெட் இருநூற்று முப்பத்தைந்து ரூபாய். துணிமணிப் பையை மேலே கம்பியில் போட்டுவிட்டு இன்னொரு பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். அதில் கெட்டியான பருத்தித் தாள்கள், இரண்டு தூரிகைகள், வாட்டர்கலர் பெட்டி, மூடி இறுக்கமான ஒரு தண்ணீர் பாட்டில்.

நான் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஓவிய நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து புதுச்சேரி போயிருந்தோம். எங்கள் பழக்கம், நடமாடும் மனிதர்களை நின்ற இடத்திலேயே ஒன்றிரண்டு நிமிஷத்தில் நீர்வண்ணத்தில் பிடிப்பது. பென்சில் கிடையாது, அழிப்பது கிடையாது. ஆள் எப்படிக் குனிகிறார், கையை எப்படி வீசுகிறார் என்பது வந்துவிட்டால் போதும். மூக்கும் கண்ணும் வராவிட்டாலும் பரவாயில்லை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அன்று ஏலம் கூறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வரைந்தேன். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகி, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, உடம்பையே முன்னால் எறிவதுபோல் நின்று விலை கூவினார். கண் வைக்கவில்லை, மூக்கு வைக்கவில்லை. வாய் மட்டும் ஒரே சிவப்பு இழுப்பு. ஏலம் முடிந்ததும் அவர் வந்து எட்டிப் பார்த்தார். "மூஞ்சியே இல்ல. வாய் மட்டும்தான் இருக்குது" என்றார். பிறகு, "குடு" என்று கையை நீட்டினார். பின்பக்கம் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அவர்தான் அஞ்சலை.

இந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய மகள் நிவேதா போன் செய்தாள். அம்மாவுக்கு வாயில் புற்று. அடுத்த வார வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கீழ்த்தாடையில் இடது பாதியை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பும் தோலும் எடுத்து வைத்துத் தைக்கப் போகிறார்கள்.

"நீங்க குடுத்த படம் போன மழையில வூட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப ஊறிப் போச்சு டீச்சர். ஆபரேஷனுக்கு முன்னாடி இன்னொண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லுது. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல."

எங்களுக்குக் காலாண்டு விடுமுறை. வருகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பகல் பதினொன்று நாற்பதுக்குப் புதுச்சேரி பஸ் நிலையம். பஸ்ஸிலிருந்து கால் வைத்ததும் உடம்பு பிசுபிசுத்தது. பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்தேன். அஞ்சலையின் வீடு இருக்கும் குருசுக்குப்பத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டார்கள், நூற்றிருபதுக்கு ஒருவர் வந்தார்.

"அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே மேடம்" என்றார் ஓட்டுநர். "எல்லாரும் பீச் ரோட்லயே எறங்கிடுவாங்க."

"ஒருத்தரைப் பாக்கணும். ஏலக்கார அஞ்சலை."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லாத அம்மாவா? எங்க வூட்டுக்கு மீன் அவங்க கூட்டத்துக்கிட்டதான்." இறங்கும்போது நூறு மட்டும் வாங்கிக்கொண்டார்.

குருசுக்குப்பம் நகரத்தின் வடக்கு ஓரம். சந்துகள் கடலை நோக்கி இறங்குகின்றன. ஆனால் கடைசியில் மணல் கிடையாது. அலை தின்றுவிட்ட கரையில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அஞ்சலையின் வீடு கற்களிலிருந்து நான்காவது. ஒரு அறை, ஒரு சமையல் இடம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு மழைநீர் நின்ற பழுப்புக் கோடு இன்னும் இருந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தாறு. வலது பக்கம் எனக்கு ஞாபகம் இருந்த அதே முகம்: மேடான கன்ன எலும்பு, கருத்த மினுமினுப்பு, கண்ணோரம் வெயிலில் சுருங்கிச் சுருங்கி விழுந்த மூன்று மடிப்பு. இடது பக்கம் காதுக்குக் கீழே கன்னம் புடைத்து, தோல் இழுபட்டுப் பளபளத்தது. சன்னல் வெளிச்சம் அந்த இடத்தில் மட்டும் நிற்காமல் வழுக்கியது. வாய் அந்தப் பக்கமாக இழுத்துக் கோணியிருந்தது. பேசியபோது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் விலகவே இல்லை.

"வந்துட்டியா டீச்சர்" என்றார். பல்லுக்கு நடுவிலிருந்து சொற்கள் நசுங்கி வந்தன. ஆள்காட்டி விரலை வாய்க்குள் நெட்டுக்குத்தாக வைக்கப் பார்த்தார், முடியவில்லை. படுக்கப் போட்டு உள்ளே விட்டுக் காட்டினார். "ஒரு வெரல் போவுது. அவ்ளோதான் தொறக்கும்."

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பட்டினியாக நிற்கும் வேலை. பசி தெரியாமல் இருக்கவும் வாடை தெரியாமல் இருக்கவும் இருபத்திரண்டு வயதிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் போட்டிருக்கிறார். கணவர் காரைக்காலில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். நிவேதா ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இரண்டு வார விடுப்பில் இருந்தாள். இதையெல்லாம் நிவேதாதான் சொன்னாள், எனக்குப் பின்னால் நின்றபடி, ஏதோ படிவம் நிரப்புவதுபோல.

மூன்று மணிக்கு வரைய உட்கார்ந்தேன். தாளை நனைத்து, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி நீலம் கலந்து முகத்தின் முதல் பூச்சை விட்டேன். ஈரத்தில் விட்ட நிறம் தானாகப் பரவும். அதைப் பரவவிட்டுச் சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் இந்த வேலையின் பாதி. அன்று என் கை நிறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஓரத்தையும் துடைத்துத் துடைத்துச் சீர் செய்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடித்துத் திருப்பிக் காட்டினேன்.

அஞ்சலை கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாரு?"

"நீங்கதான்க்கா."

"எனக்கு இந்தப் பக்கம் வீங்கியிருக்கு. அத ஏன் வுட்டுட்ட?"

அப்போதுதான் பார்த்தேன். வலது கன்னத்தையே இடது பக்கத்திலும் போட்டு வைத்திருந்தேன். தெரிந்து செய்யவில்லை. கை தானாக அவரைக் குணப்படுத்தியிருந்தது. அந்தப் படத்தில் ஒரு நல்ல நடுவயதுப் பெண்மணி இருந்தாள், அவ்வளவுதான்.

"வாய் தொறந்த மாதிரி வேணும்" என்றார் அஞ்சலை. "முன்ன போட்டியே, அந்த மாதிரி."

"பழைய போட்டோ ஏதாவது இருந்தா பாத்துப் போடறேன்க்கா."

நிவேதா போனை எடுத்து நீட்டினாள். நூறு படமாவது இருக்கும். கல்யாண வீடு, கோயில், பிறந்தநாள். எல்லாவற்றிலும் அஞ்சலை முந்தானையையோ கையையோ வாய்க்கு மேலே வைத்திருந்தார். சிரித்த படங்களில் உள்ளங்கை முழுவதும் வாயை மூடியிருந்தது.

"பல்லு பூரா கறைல்ல" என்றார். "வெக்கமா இருக்கும். ஏலத்துல நிக்கும்போது மட்டும்தான் அந்த நெனப்பே வராது. அங்க என்னை யாரும் போட்டோ எடுக்கல. நீ ஒருத்திதான் போட்ட."

புதன்கிழமை காலை நாலே முக்காலுக்கு லாட்ஜிலிருந்து தேங்காய்த்திட்டு. இரண்டு கிலோமீட்டர்தான், ஆட்டோ எண்பது ரூபாய். துறைமுகக் கூடத்தில் குழல்விளக்கு வெளிச்சம், ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாடை. படகிலிருந்து பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் ஒரு தூணில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு தாளை அட்டையில் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். திறந்த வாயைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

அஞ்சலை நின்ற இடத்தில் இப்போது மல்லிகா என்ற பெண் ஏலம் கூறுகிறார். ஒல்லி, உயரம், நாற்பது வயதுக்குள். "ஆயிரம்… ஆயிரத்தம்பது… ஆயிரத்து நூறு, யாரு?" சங்கரா மீன் கூடை ஒன்று ஆயிரத்து நானூற்றுக்குப் போனது. நெத்திலி கூடை எண்ணூறு. நான் கூடையைப் பார்க்கவில்லை. கூவுவதற்கு முன்னால் தோள் எழுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. தாடை கீழே போகும் முன்பே புருவம் மேலே போய்விடுகிறது. வாய் கடைசியில்தான் திறக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் இருபத்திரண்டு படம். கடல் ஈரத்தில் எதுவும் காயவில்லை. ஒரு படத்தின் முகம் அடுத்த தாளில் ஒட்டிக்கொண்டது. பாதிக்கு மேல் வீண். ஐந்தாறு நன்றாக வந்தன. ஒரே வீச்சில் தோளும் கையும், அதன் உச்சியில் வாய். சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்காக நான் இங்கே வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலம் ஓய்ந்ததும் மல்லிகா கை கழுவிக்கொண்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"அஞ்சலைக்குத்தானே போடறீங்க?"

"ஆமாங்க."

"அது எடத்துல நிக்கிறேன். வந்துடும், வந்துடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுதான் நிக்கிறேன்." டீயை ஒரு பக்கமாக வைத்து உறிஞ்சினார். மறு கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "தெரியுது. கண்ணாடி வச்சி தெனம் வாயத் தொறந்து பாக்கறேன். பாத்துட்டு இதையும் போடறேன். வுட முடியல."

மத்தியானம் லாட்ஜ் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அஞ்சலையின் கண்ணையும் கன்ன எலும்பையும் ஞாபகத்தில் வைத்து, காலையில் கற்ற வாயை அதில் திறந்துவிட்டேன். நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவது எனக்கே பிடித்திருந்தது. சாயங்காலம் எடுத்துப்போனேன்.

அஞ்சலை பார்த்த உடனே சொன்னார். "இது மல்லிகா வாயி."

மறுக்க முடியவில்லை. உதட்டின் கோணம், கீழ்ப்பல் வரிசை தெரிகிற விதம், எல்லாம் மல்லிகாவுடையதுதான். இருபது வருஷம் எதிரெதிரே நின்று கூவியவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா. அஞ்சலைக்குக் கோபமில்லை. படத்தை ஓரமாக வைத்துவிட்டு, டம்ளரில் இருந்த கஞ்சியை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கத் தொடங்கினார். அரை டம்ளர் குடிக்க இருபது நிமிஷம் ஆனது. இடையில் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டு வலியைப் போகவிட்டார்.

நான் கிளம்பியபோது நிவேதா சந்து முனை வரை வந்தாள். கருங்கல் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டா. நாக்குலயும் எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பேச்சு வருமான்னு தெரியாது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க வாயத் தொறந்த மாதிரி போட்டுக் குடுத்துட்டு ஊருக்குப் போயிடுவீங்க. அப்பறம் அந்தப் படத்தையும் நான்தான் பாக்கணும், அம்மா மூஞ்சியையும் நான்தான் பாக்கணும். தெனம். பக்கத்துல பக்கத்துல." அவள் குரல் உயரவில்லை. "அதுக்குத்தான் வேணாம்னேன்."

வரைகிறவர்கள் இப்படி ஒரு பேச்சைக் கேட்டுப் பழகியிருக்க மாட்டோம். நன்றாக வந்திருக்கிறதா, சாயல் இருக்கிறதா, எவ்வளவு விலை, இவ்வளவுதான் எங்களிடம் கேட்பார்கள். "வரையலன்னா அம்மா வருத்தப்படுவாங்களே" என்று ஏதோ சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை. பதினொரு மணிக்குள் அஞ்சலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நான் காலை ஐந்தரைக்கு மறுபடி துறைமுகத்தில் இருந்தேன். அஞ்சலையின் படம் என்னால் முடியாது என்று முந்தின ராத்திரியே முடிவாகிவிட்டது. சும்மா வரைந்துகொண்டிருக்கலாம் என்று போனேன். ஆறு மணிவாக்கில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நிவேதா முதலில் இறங்கினாள், பிறகு அஞ்சலை. துவைத்த சேலை, தலையில் எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை, முகத்தை மூடாத முந்தானை.

கூடத்தில் பேச்சு மெதுவாக அடங்கியது. யாரும் எதிரே வந்து விசாரிக்கவில்லை. அஞ்சலை நேராகத் தன் இடத்துக்கு வந்தார். மல்லிகா விலகினார். ஒரு நெத்திலிக் கூடை முன்னால் இருந்தது. அஞ்சலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது கையைத் தூக்கினார்.

தோள் எழுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. புருவம் மேலே போனது. வாய் திறக்கவில்லை. பல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது, கதவை உள்ளேயிருந்து தள்ளுவதுபோல. மறுபடியும் கையை உயர்த்தினார். மறுபடியும் அதே சத்தம். மல்லிகா பக்கத்தில் வந்து விலையைச் சொல்லத் தொடங்கினார். அஞ்சலை முழங்கையால் அவரை ஒதுக்கினார்.

எதிரே கூடைகளோடு நின்ற பெண்களில் ஒருவர் தானாகவே சொன்னார்: "ஐந்நூறு."

அஞ்சலை தலையை ஆட்டவில்லை. கை மேலேயே நின்றது.

"ஐந்நூத்தம்பது" என்றார் இன்னொருவர். "அறநூறு." "எழநூறு." ஏலம் விடுபவர் ஏற்ற வேண்டிய விலையை எடுப்பவர்களே ஒருவர் மாற்றி ஒருவர் ஏற்றினார்கள். குரல்கள் தணிவாக, பிரார்த்தனைக் கூட்டத்தில் பதில் சொல்வதுபோல இருந்தன. ஆயிரத்தைத் தாண்டி, அந்தக் கூடை பெறாத விலைக்குப் போனதும் அஞ்சலை கையைக் கீழே போட்டார். முந்தானையால் வாயைத் துடைத்தார். துணியில் ரத்தம் இருந்தது.

நான் எப்போது தூரிகையை எடுத்தேன் என்று தெரியாது. பெரிய தூரிகை, ஒரே தாள். தாளைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு போட்டேன். முதலில் தூக்கிய கை, தோள், முன்னால் விழும் உடம்பு. அதன்மேல் முகம். இந்த முறை கண் வைத்தேன். இரண்டும் அகலத் திறந்திருந்தன, எதிரே இருப்பவர்களை விடாமல் பிடித்துக்கொண்டு. வீங்கிய கன்னத்துக்கு நிறமே விடவில்லை. வெள்ளைத் தாளை அப்படியே விட்டுச் சுற்றிலும் இருட்டைக் கொண்டுவந்தேன். வாய்க்குக் கருஞ்சிவப்பில் ஒரு மூடிய கோடு. தாள் காயவில்லை. அந்தக் கோட்டிலிருந்து நிறம் கீழே இறங்கித் தாடையையும் கழுத்தையும் கடந்து ஓடியது. துடைக்கத் துணியை எடுத்தேன். பிறகு துடைக்கவில்லை.

அஞ்சலை வந்து பார்த்தார். நிவேதா அவர் தோளுக்குப் பின்னால்.

"வாய் தொறக்கல" என்றேன்.

"எங்க தொறந்துச்சு" என்றார் அஞ்சலை. விரலைப் படத்துக்கு அருகே கொண்டுபோய், ஈரம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். "இது நான்தான்." பிறகு மகளிடம் திரும்பினார். "உனக்கு வேணாம்னா செவுத்துல மாட்டாத. எடுத்து வை, போதும்."

நிவேதா அம்மாவின் முந்தானையைச் சரிசெய்தாள். காய்ந்ததும் படத்தை வாங்கி, ஸ்கேன் படங்கள் வைத்திருந்த நீள உறைக்குள் சொருகினாள். அளவு சரியாக இருந்தது. எட்டரை மணிக்கு அவர்கள் அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அஞ்சலையை உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருப்புக் கூடத்தில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஃபிளாஸ்க்கோடும் ஒரு போர்வையோடும். கடலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மனைவிக்கு ஆபரேஷன், இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார். என் கை அரித்தது. குறிப்பேட்டைத் திறந்து நாலு கோடு போடுவதற்குள் காவலாளி வந்து, "இங்க அதெல்லாம் கூடாதும்மா" என்றார். மூடிவிட்டேன். அவர் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்து மணிக்கு ஒரு இளம் டாக்டரம்மா வெளியே வந்து நிவேதாவின் பெயரைக் கூப்பிட்டார். "நாக்குல பாதி எடுக்க வேண்டியிருந்தது. மத்ததெல்லாம் நெனச்ச மாதிரி போயிட்டிருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்." நிவேதா "சரிங்க மேடம்" என்றாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை எடுத்து அம்மாவின் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டாள். வரும்போது தேங்காய் வாங்கி வா என்று அஞ்சலை அதில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. அவள் அதை நான்கு முறை கேட்டாள்.

சனிக்கிழமை உள்ளே விடவில்லை. சாயங்காலம் பீச் ரோட்டில் நடந்தேன். வண்டி விடாத நேரம், ஊரே வந்து நடந்தது. ஒரு கல்மேல் உட்கார்ந்து கடலை வரையலாம் என்று பெட்டியைத் திறந்ததும், பெங்களூரிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி தங்களை வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் அசையாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ரொம்ப சீரியஸா இருக்கோமே" என்றாள். அவள் சொன்னது சரிதான். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படத்தை எடுத்துக்கொண்டு போனார்களா, வழியில் போட்டுவிட்டார்களா, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிஷம். எதுவும் தெரியவில்லை, வெள்ளைத் துணியும் குழாய்களும்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வார்டுக்கு மாற்றிவிட்டதாக நிவேதா போன் செய்தாள். அறையைக் காலி செய்து பைகளோடு நேராகப் போனேன். பதினைந்தாவது கட்டில்.

முகத்தைச் சொல்ல வேண்டும். முழுவதும் ஊதி, கண்கள் இரண்டு கீறலாக இருந்தன. கீழுதட்டின் நடுவிலிருந்து தாடை வழியாகக் கழுத்து வரை தையல். இடது கன்னத்தில் காலிலிருந்து எடுத்த தோல் ஒரு கை அகலத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அது வேறு பழுப்பு. முகத்தின் கருமைக்கும் அதற்கும் நடுவே கரை கட்டியதுபோல ஓரம். தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். இருபத்தைந்து வருஷமாக முகங்களைப் பார்த்தே பிழைக்கிறேன். அந்த முகத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பார்த்தேன்.

அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் ஆள்காட்டி விரலால் இழுத்தார். நீளமாக ஒன்று, குறுக்கே ஒன்று. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல் நிவேதாவைப் பார்த்தேன்.

"இப்பவும் போடச் சொல்லுது" என்றாள் நிவேதா. அவள் முகத்தில் மறுப்பு இல்லை. நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் செய்தாள். "போடுங்க டீச்சர். நர்ஸ்கிட்ட நான் கேட்டுக்கறேன்."

அஞ்சலை மறுபடி உள்ளங்கையில் இழுத்தார். கீறல்போல இருந்த கண்ணில் ஒன்று என்னையே பார்த்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றேன். "இன்னொரு தடவை வந்து போடறேன்."

கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு போர்வைக்குள் போயிற்று. நிவேதா நாற்காலியை இருந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டாள். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் வரை வந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள், விழுப்புரத்தில் நல்ல ஓட்டல் இருக்காது என்று சொன்னாள்.

பஸ் நிலையத்தில் பன்னிரண்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சேலம் பஸ் இரண்டு போயின. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக ஆட்டோவில் கால் மணி நேரம் ஆகும். எழுந்தேன், தண்ணீர் பாட்டில் வாங்கினேன், உட்கார்ந்தேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறிவிட்டேன். கள்ளக்குறிச்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

பள்ளி திறந்த வாரம் ஏழாம் வகுப்புக்கு முகபாவங்கள் பாடம். ஒவ்வொரு வருஷமும் போர்டில் ஆறு வட்டம் போடுவேன். வாயின் ஓரம் மேலே போனால் சிரிப்பு, கீழே போனால் அழுகை, புருவம் சாய்ந்தால் கோபம். இந்த வருஷமும் ஆறு வட்டம் போட்டேன், பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள், நான் எல்லாவற்றிலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். எங்கள் ஊரில் கடல் இல்லை, ஏலக்கூடம் இல்லை. இங்கே எனக்குத் தெரிந்த முகங்கள் அந்த ஆறுக்குள் அடங்கிவிடுகின்றன, அல்லது நான் அடக்கிவிடுகிறேன்.

நிவேதா இரண்டு முறை போன் செய்தாள். தையல் பிரித்துவிட்டார்கள். ரேடியேஷன் தொடங்கிவிட்டது. சாப்பாடு இன்னும் குழாய் வழியாகத்தான். "பேசுது டீச்சர். எனக்கு மட்டும்தான் புரியும்" என்றாள். துறைமுகத்தில் போட்ட படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள், மழைநீர் நின்ற கோட்டுக்கு மேலே. அவளாகவே மாட்டியிருக்கிறாள். "எப்ப வர்றீங்கன்னு கேக்குது" என்றாள்.

அன்று வார்டில் எனக்கு எந்த பஸ்ஸுக்கும் நேரமாகவில்லை. தாள் இருந்தது, தண்ணீர் இருந்தது, தூரிகை பைக்குள் மேலாகவே இருந்தது. அந்த முகத்தை ஒரு மணி நேரம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் அவரிடம் பொய் சொன்னேன். போனில் இதை நிவேதாவிடம் சொல்ல இரண்டு தடவையும் வாயெடுத்து, சொல்லாமல் வைத்துவிட்டேன்.